நாலு வயசுப் பொண்ணோட மலை ஏறலாமா?

கேள்வி: பையனுக்கு 7 வயசு, பொண்ணுக்கு 4. என் வீட்டுக்காரர் காலேஜ் நாள்ல இருந்தே ட்ரெக்கிங் போறவர். இந்த மே லீவுல பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு ஹிமாச்சல்ல ட்ரியுண்ட் போய் ஒரு ராத்திரி டென்ட்ல தங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். எங்க அத்தையோ "பச்சப்புள்ளைகள கொண்டுபோய் குளிர்ல போடப் போறீங்களா"ன்னு ஒரே சத்தம். எனக்கு ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு. போலாமா?
- வாசகி, மதுரை

பதில்: தாராளமா போங்க சகோதரி, ஆனா முதல் தடவைக்கு ட்ரியுண்ட் வேணாம். அது சுமார் 2,850 மீட்டர் உயரம், அதுல கடைசி ஒரு கிலோமீட்டர் செங்குத்தா வளைஞ்சு வளைஞ்சு ஏறும், பெரியவங்களுக்கே அங்க மூச்சு வாங்கும், உங்க பொண்ணு கால் வலிக்குதுன்னு உக்காரப் போறதும் சரியா அந்த இடத்துலதான். மே மாசம்னா மத்தியானத்துக்கு மேல அந்தப் பக்கம் திடீர்னு இடி மழை வேற இறங்கும். டென்ட் மேல இருக்கு, காசு கட்டியாச்சு, அதனால எப்படியாவது இழுத்துக்கிட்டு ஏறிடுவோம்னுதான் உங்களுக்குத் தோணும், எனக்குப் பயமே அதுதான்.

அதுக்குப் பதிலா உத்தராகண்ட்ல தியோரியா தால்ங்கிற மலை ஏரிக்குப் போங்க. ஊக்கிமட் பக்கத்துல சாரின்னு ஒரு கிராமம், அங்க வீடுகள்லயே தங்க ரூம் கிடைக்கும், ரெண்டு ராத்திரி அங்க தங்கிடுங்க. ஏரிக்கு அங்கிருந்து மூணு கிலோமீட்டருக்குள்ளதான். ஏரி இருக்கிறது சுமார் 2,400 மீட்டர்ல, நம்ம ஊட்டியவிட கொஞ்சம்தான் கூட. வானம் தெளிவா இருந்தா காலைல 7,138 மீட்டர் சௌகம்பா சிகரம் அப்படியே ஏரித் தண்ணியில தெரியும், பிள்ளைங்க வாயப் பொளந்துக்கிட்டு பாப்பாங்க. ராத்திரி மேல தங்கித்தான் ஆகணும்னு கட்டாயம் இல்ல, டென்ட் ஆசை இருந்தா அந்த சமயத்துல அனுமதி உண்டான்னு ஊர்க்காரங்ககிட்ட கேட்டுக்குங்க.

எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குக் கிளம்பறது, எங்க தங்கறது, எல்லாத்தையும் அந்த 4 வயசுக் கால வச்சுத்தான் முடிவு பண்ணணும், உங்க வீட்டுக்காரரோட பழைய வேகத்த வச்சு இல்ல. ஏத்தத்துல அந்த வயசுக்கு மணிக்கு ஒரு கிலோமீட்டர்னு வச்சுக்குங்க, நடுவுல பூ பாக்கணும், கல்லு பொறுக்கணும், கோவேறு கழுதைக்கு டாட்டா காட்டணும், அதெல்லாம்தான் அவளுக்கு ட்ரிப்பே. காலைல 7 மணிக்குக் கிளம்புங்க, 12 மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பறதுன்னு வீட்டுலயே ரெண்டு பேரும் பேசி முடிச்சுடுங்க, மேல போய் நின்னுக்கிட்டு பேசினா சண்டைதான் வரும்.

பையன் ஒரு 22 கிலோ இருப்பான்னா அவன் பையில 2 கிலோவுக்கு மேல வேணாம், தண்ணி, ஸ்வெட்டர், கொஞ்சம் திங்கிறதுக்கு, அவ்ளோதான். பொண்ணுக்கு ஒரு விசில் மட்டும் கழுத்துல மாட்டுங்க, வழி தவறினா நின்ன இடத்துலயே நின்னு மூணு தடவ ஊதணும்னு வீட்டுலயே விளையாட்டா சொல்லிக்குடுங்க. எப்படியும் கடைசில அவள யாராவது தூக்கத்தான் போறீங்க, அதனால உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பை பாதி காலியா இருக்கட்டும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு ஒத்திகை பாத்துடுங்க. ஒண்ணு, மொட்டை மாடில டென்ட் போட்டு ஒரு ராத்திரி நாலு பேரும் தூங்குங்க, நடு ராத்திரி பொண்ணு பாத்ரூம் போகணும்னு எழுந்திருப்பா பாருங்க, இருட்டுல ஜிப்ப தேடித் திறந்து, டார்ச்ச குடுத்து, செருப்ப மாட்டிவிட்டு கூட்டிட்டுப் போய்ட்டு வர்றது எவ்ளோ பெரிய வேலைன்னு அப்ப புரியும், டார்ச் ஆளுக்கு ஒண்ணு வேணும்னும் புரியும். இன்னொண்ணு, விடிகாலைல அழகர்கோயில் அடிவாரத்துல இருந்து பழமுதிர்ச்சோலை, முடிஞ்சா நூபுரகங்கை வரைக்கும் அதே ஷூ, அதே பையோட நடங்க. ஷூ எங்க கடிக்குது, யார் எப்ப சிணுங்கறாங்கன்னு எல்லாம் அங்கயே தெரிஞ்சிடும். திங்கிற பொருள மட்டும் பைக்குள்ள போட்டு மூடி வைங்க, அங்க குரங்கு புடுங்கிடும்.

ஹரித்வார்ல இருந்து சாரி போக ஒரு நாள் பூரா வளைவு ரோடு, வாந்தி வரும், காலைல ரெண்டு இட்லியோட நிறுத்திக்குங்க, பால் வேணாம். ஓஆர்எஸ் எடுத்துக்குங்க, பெரிய பாக்கெட்னா முழுசா ஒரு லிட்டர் தண்ணில கலக்கணும், நிறைய பேர் ஒரு டம்ளர்ல கொட்டிக் குடுத்துடறாங்க, அது குழந்தைக்குக் கெடுதல். தலை வலிக்குதுன்னு சின்னதுக்கு சொல்லத் தெரியாது, உயரத்துல சாப்பிட மாட்டேங்குது, காரணமில்லாம அழுது, வாந்தி எடுக்குதுன்னா உயரம் ஒத்துக்கலைன்னே எடுத்துக்கிட்டு உடனே கீழ இறங்கிடுங்க. போறதுக்கு முன்னாடி குழந்தை டாக்டர ஒரு தடவ பாத்துடுங்க.

அத்தைய அந்த மொட்டை மாடி ராத்திரிக்குக் கூப்பிடுங்க. பேரப்பிள்ளைங்களுக்கு நடுவுல படுத்துப் பாத்தாங்கன்னா பாதி பயம் போயிடும்.

கேள்வி: 14 மாசக் குழந்தைய முதுகுல தூக்கற கேரியர்ல வச்சு டிசம்பர்ல கொடைக்கானல் வட்டக்கானல், டால்பின் நோஸ் நடக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: நடக்கலாம், குளிர்தான் பிரச்னை. நீங்க ஏறி இறங்கி வேர்த்துக்கிட்டு இருப்பீங்க, குழந்தை அசையாம தொங்கிக்கிட்டு இருக்கும், அதனால உங்களுக்கு சட்டையே போதும்னு தோணும்போது அதுக்கு உடம்பு சில்லிட்டுப் போயிருக்கும். கேரியர்ல கால் தொங்கறதால பேன்ட் மேல ஏறி கணுக்கால் வெளிய தெரியும், அங்கதான் முதல்ல குளிரும், முழங்கால் வரைக்கும் கம்பளி சாக்ஸ் போடுங்க. அரை மணிக்கு ஒரு தடவ இறக்கி, பின்கழுத்துக்குக் கீழ கை வச்சுப் பாருங்க, சூடா இருக்கணும். பாதைல மரத்து வேர் நிறைய இருக்கு, ஈரத்துல வழுக்கும், ஊன்றுகோல் இல்லாம இறங்காதீங்க. டால்பின் நோஸ்ங்கிறது வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற பாறை, அதோட நுனிக்குக் குழந்தையோட போகவே போகாதீங்க, அந்தப் பக்கம் அதல பாதாளம். டயபர், வெட் வைப்ஸ் எல்லாத்தையும் கவர்ல கட்டித் திருப்பி எடுத்துட்டு வாங்க, தயவுசெஞ்சு.

கேள்வி: குரங்கணி பக்கம் தெரிஞ்ச ஆள் வச்சு குடும்பத்தோட காட்டுக்குள்ள போகலாம்னு ஒரு நண்பர் சொல்றார். சரியா?
- வாசகர், தேனி

பதில்: வேணாம். 2018 மார்ச்ல அங்க காட்டுத்தீல மாட்டி 20 பேருக்கு மேல இறந்தாங்க, அதுக்கு அப்புறமும் பிள்ளைங்கள அனுமதி இல்லாம கூட்டிட்டுப் போகலாம்னு ஒருத்தர் சொல்றார்னா அவர நம்பாதீங்க. வனத்துறை 2024ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகள ஆன்லைன் புக்கிங்கோட தொடங்கினாங்க, கைடு கூடவே வருவாங்க, சுலபம்னு போட்டிருக்கறதுல ஒண்ணு எடுங்க, வயசு விதியையும் படிச்சுக்குங்க. கோடைல தீ பயத்துக்காக மூடி வைப்பாங்க, அதனால திறந்திருக்கான்னு பாத்துட்டு ஆபீஸ்ல லீவு சொல்லுங்க.