போர் விமான சிமுலேட்டர்களில் ஏவுகணைத் தளங்களும் ரேடார்களும் நிஜம் போல இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வியில் நீங்கள் எழுதியிருந்த குறை எனக்கும் உண்டு. வரைபடத்தில் ஏவுகணைத் தளத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். உள்ளே நுழைந்தால் ஏவுகணை வருகிறது, வெளியே போனால் நின்றுவிடுகிறது. இதை எப்படி மாற்றுவது, மாற்றினால் ஆடுவதற்குச் சுவையாக இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டரில் சில வருடங்களாக மிஷன் எழுதுகிறேன். தரைப் பாதுகாப்புப் பக்கம்தான் என் கைக்கு வந்த பகுதி, மனதுக்குப் பிடித்த பகுதியும் அதுதான். பலரும் முதலில் ஏவுகணையின் வேகத்தையும் தூரத்தையும் திருத்தப் பார்ப்பார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஏவுகணைத் தளத்தின் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆட்களைச் செய்யுங்கள். அவர்களுக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், எதைக் கண்டு பயப்படுவார்கள் என்ற மூன்றும் இல்லாத ஏவுகணைத் தளம், விமானத்தைக் கண்டதும் வெடிக்கும் கண்ணிவெடி மாதிரிதான் நடந்துகொள்ளும்.

எனக்கு இது புரிந்தது விமானத்தில் பறந்து அல்ல. சாம் சிமுலேட்டர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் நீங்கள் பைலட் கிடையாது. எஸ்-75, எஸ்-125, எஸ்-200 போன்ற சோவியத் ஏவுகணைகளின் கேபினில் உட்காருவீர்கள். எஸ்-75 கேபினில் இலக்கைத் தொடர மூன்று ஆபரேட்டர்கள். ஒருவர் தூரத்தைப் பிடிக்கிறார், ஒருவர் கிடைக்கோணத்தை, இன்னொருவர் ஏற்றக்கோணத்தை. ஆளுக்கு ஒரு கைச்சக்கரம். திரையில் விமானம் என்பது ஒரு மங்கலான பொட்டு, அவ்வளவுதான். சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி அந்தப் பொட்டைக் குறுக்குக்கோட்டின் நடுவிலேயே வைத்திருக்க வேண்டும். விமானம் திரும்பினால் பொட்டு கோட்டைவிட்டு நழுவும். பதற்றத்தில் சக்கரத்தைக் கொஞ்சம் அதிகமாகச் சுழற்றினால் கோடு பொட்டைத் தாண்டிப் போய்விடும். அந்தத் தடுமாற்றம் அப்படியே கட்டளையாக மாறிப் பறந்துகொண்டிருக்கும் ஏவுகணைக்குப் போகும். தானாகவே தொடரும் வசதியும் உண்டு. ஆனால் விமானம் உலோக இழைகளைத் தூவினாலோ ரேடாரைக் குழப்பும் ஜாமரைப் போட்டாலோ மறுபடி கைச்சக்கரம்தான். ஒரு மாலை முழுக்க இதைச் செய்து பாருங்கள். அதன் பிறகு "ஆபரேட்டர் திறமை" என்ற அளவை நிரலில் எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

சரி, காலக் கணக்குக்கு வருவோம். ஒரு தேடும் ரேடார் நிமிடத்துக்கு ஆறு சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 10 விநாடி. விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வரும் விமானம் ஒவ்வொரு சுற்றுக்கும் 2.5 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். ஒரே ஒரு பொட்டை வைத்து யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். மேகமா, மலையின் எதிரொலியா, பறவைக் கூட்டமா என்று பார்க்க இரண்டு மூன்று சுற்றாவது வேண்டும். அதற்குள் 7.5 கிலோமீட்டர் போய்விட்டது. அப்புறம் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், நம்முடைய விமானமா என்று கேட்க வேண்டும், தொடரும் ரேடாரை அந்தத் திசைக்குத் திருப்ப வேண்டும், அதன் ஒடுக்கமான கற்றையால் துழாவி இலக்கைப் பிடிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நேரம் வையுங்கள். ஒட்டுமொத்தமாக "எதிர்வினை நேரம் 15 விநாடி" என்று ஒரே எண்ணைப் போட்டால் பைலட் அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார், ஆட்டம் முடிந்தது. தனித்தனிப் படிகளாக இருந்தால் எந்தப் படியைக் குலைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குவார்.

ரேடார் எதைப் பார்க்கும் என்பதற்கு இரண்டு கணக்கு போதும். முதலாவது தொடுவானம். ஆன்டெனாவின் உயரத்தையும் விமானத்தின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் ரேடார் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். 9 மீட்டர் உயர ஆன்டெனா, 100 மீட்டரில் பறக்கும் விமானத்தைச் சமதரையில் சுமார் 54 கிலோமீட்டரில் பார்க்கும். அதே விமானம் 36 மீட்டருக்கு இறங்கினால் 37 கிலோமீட்டர். இடையில் ஒரு மேடு இருந்தால் இந்தக் கணக்கும் போயிற்று. இரண்டாவது, எதிரொலியின் பலம் தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. விமானத்தின் ரேடார் பிம்பம் (அலையை அது எதிரொலிக்கும் அளவு) 16-இல் ஒரு பங்காகக் குறைந்தால்தான் கண்டுபிடிக்கும் தூரம் பாதியாகிறது. "ஸ்டெல்த் விமானம் ரேடாரில் தெரியவே தெரியாது" என்று எழுதப்பட்ட மிஷன்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தெரியும். கிட்டே வந்தபின் தெரியும், அதுவும் அலைநீளத்தைப் பொறுத்து.

இந்த நான்காம் அடுக்கு ஜாமிங்கையும் எழுத உதவும். ஜாமரின் அலை ஒரு வழிதான் போகிறது, அதனால் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மட்டுமே குறையும். தூரம் பாதியாகும்போது ஜாமரின் சத்தம் 4 மடங்கு ஏறுகிறது, எதிரொலியோ 16 மடங்கு ஏறுகிறது. ஆகவே ஏதோ ஒரு தூரத்தில் எதிரொலி சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துதான் ஆக வேண்டும். பல சிமுலேட்டர்களில் ஜாமர் ஒரு சுவிட்ச்: போட்டால் லாக் (இலக்கைப் பிடிப்பது) இல்லை, குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் லாக் உண்டு. அந்தத் தூரம் ஜாமரின் சக்தி, விமானம் திரும்பியிருக்கும் பக்கம், ரேடாரின் சக்தி எல்லாவற்றையும் பார்த்து மாற வேண்டும்.

எஸ்-75 ஆட்கள் ஜாமிங்குக்கு என்ன செய்தார்கள் என்பது அழகான விஷயம். இலக்கின் தூரம் தெரிந்தால் ஏவுகணையை அது போகும் இடத்துக்கு முன்னால் கொண்டுபோகலாம். ஜாமிங்கில் தூரம் தெரியாது, திசை மட்டும் தெரியும். அப்போது மூன்று புள்ளி முறைக்கு மாறுவார்கள்: ரேடார், ஏவுகணை, இலக்கு மூன்றும் எப்போதும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி ஏவுகணையை ஓட்டுவது. இதற்குத் தூரமே தேவையில்லை. ஆனால் ஏவுகணை கடைசிக் கட்டத்தில் கடுமையாக வளைய வேண்டியிருக்கும், அங்கேதான் தவறும். காக்பிட்டிலிருந்து பார்த்தால் இதை நேரில் காணலாம். ஏவுகணை எவ்வளவு உயரம் வந்தாலும், அதன் பின்னணியில் தரையிலுள்ள அந்த ரேடார் இருக்கும் இடமே தெரிந்துகொண்டிருக்கும். வியட்நாமில் அமெரிக்க பைலட்டுகள் இதைப் பறக்கும் டெலிபோன் கம்பம் என்றார்கள். அது வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்து, கிட்டே வந்தபின் சட்டென்று கீழ்நோக்கித் திரும்பித் தப்பித்தார்கள். உங்கள் சிமுலேட்டரில் எல்லா ஏவுகணைகளும் ஒரே வழிகாட்டும் முறையில் பறந்தால் இந்தத் தந்திரம் பலிக்காது. பலிக்கவில்லை என்றால் வியட்நாம் மிஷன் எழுதுவதில் அர்த்தமில்லை.

அடுத்து மௌனம். எனக்கு இதுதான் உயிர்நாடி. நிஜத்தில் ஒரு ரேடாரின் மிகப் பெரிய ஆயுதம் அதன் சுவிட்ச். 1982 ஜூன் 9 அன்று லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இஸ்ரேல் முதலில் ஆளில்லா விமானங்களை அனுப்பியது. சிரிய ரேடார்கள் அவற்றுக்காக விழித்துக்கொண்டன. எங்கே இருக்கின்றன என்று காட்டிக்கொடுத்தன. பெரும்பாலான ஏவுகணைப் பேட்டரிகள் (ரேடாரும் லாஞ்சர்களும் சேர்ந்த பிரிவுகள்) அன்றே அழிந்தன. 1999-இல் செர்பியாவில் நடந்தது நேர் எதிர். ஸோல்டான் டானி என்ற அதிகாரியின் எஸ்-125 பேட்டரி, தொடரும் ரேடாரை ஒரு தடவைக்குச் சுமார் 20 விநாடிக்கு மேல் இயக்குவதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருந்தது. இடத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தது. மீட்டர் அலைநீளத்தில் இயங்கும் பழைய பி-18 ரேடார் திசையைக் காட்டியது, தொடரும் ரேடார் சில விநாடி மட்டும் கண் திறந்தது. மார்ச் 27 அன்று அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானம் விழுந்தது. அந்த 78 நாள் போரில் நேட்டோ ரேடாரைத் தேடிப் போகும் ஹார்ம் ஏவுகணைகளை 700-க்கு மேல் ஏவியும், செர்பியாவின் குப் (வண்டியில் நகரும் சோவியத் ஏவுகணை) பேட்டரிகளில் பெரும்பாலானவை தப்பின. சுடாத பேட்டரியும் விமானங்களைக் கடைசி நாள் வரை உயரத்திலேயே வைத்திருந்தது.

டிசிஎஸ்-இல் இதைச் செய்யலாம். எனேபிள் எமிஷன் என்ற ஸ்கிரிப்ட் கட்டளை ஒரு குழுவின் ரேடாரை அணைக்கவும் போடவும் செய்யும். தயாராகவே வேண்டும் என்றால் ஸ்கைநெட் என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பு இருக்கிறது. பல தளங்களை ஒரே வலையாக இணைத்து, இலக்கு எட்டும் தூரத்துக்கு வந்தபின் மட்டும் ரேடாரைப் போடும். நான் முதலில் சொந்தமாக எழுதிப் பார்த்தேன், ஒரு பெரிய தவறும் செய்தேன். யாராவது ஹார்ம் ஏவிய அதே விநாடியில் எல்லாத் தளங்களும் அணையும்படி எழுதிவிட்டேன். சோதனைக்குப் பறந்த நண்பர் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "நான் ஏவினது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நியாயமான கேள்வி. கேபினில் இருப்பவருக்குத் தெரிவது, திரையில் விமானத்தின் பொட்டிலிருந்து ஒரு சின்னப் பொட்டு பிரிந்து வேகமாகத் தன்னை நோக்கி வருவது மட்டும்தான். அதற்கு அவருடைய ரேடார் அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதைக் கவனிக்கும் அளவுக்கு அனுபவமும் வேண்டும். இப்போது என் ஸ்கிரிப்ட் இந்த மூன்றையும் கேட்கிறது. பார்க்காத தளம் அணைவதில்லை. புதிய ஆட்கள் உள்ள தளம் தாமதமாக அணைகிறது. ஏற்கெனவே ஏவுகணையை ஏவிவிட்ட தளத்துக்கு மட்டும் ஒரு தர்மசங்கடம்: அணைத்தால் ஏவுகணை வழி தெரியாமல் போகும், அணைக்காவிட்டால் உயிர் போகும். எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கிறது என்பதை வைத்து அது முடிவெடுக்கிறது. 1991-இல் ஈராக்கில் ரேடாரைப் போடவே பயந்து, வழிகாட்டாமலே ஏவுகணைகளை வானத்தில் விட்ட பேட்டரிகள் உண்டு. அந்தப் பயமும் ஒரு மாறியாக உள்ளே இருக்கிறது. பக்கத்துத் தளம் அடிபட்டால் அது ஏறும்.

தவறாகப் புரிந்துகொள்வதையும் சேருங்கள். 1960 மே 1 அன்று ஸ்வெர்த்லோவ்ஸ்க் அருகே அமெரிக்க பைலட் பவர்ஸ் ஓட்டிய யூ-2 உளவு விமானம் அடிபட்டது. அது விழுந்துவிட்டது என்று கீழே இருந்தவர்களுக்கு உடனே உறுதியாகத் தெரியவில்லை. தொடர்ந்து ஏவியதில் சோவியத்தின் சொந்த மிக்-19 ஒன்று வீழ்ந்தது, அதன் பைலட் இறந்தார். இலக்கு அழிந்த விநாடியே அடுத்த இலக்குக்குத் திரும்பும் தளங்கள், உண்மையில் எந்த ராணுவத்திடமும் இருந்ததில்லை.

ரேடார் அலை படுவதைச் சொல்லும் காக்பிட் எச்சரிக்கைக் கருவி பற்றியும் ஒரு வார்த்தை. அது ரேடாரின் பெயரையும் திசையையும் துல்லியமாகச் சொல்லும் ஆரூடக்காரர் ஆகக் கூடாது. 1973 அரபு-இஸ்ரேல் போரில் குப் ரேடார் இடைவிடாமல் வீசிய தொடர் அலையை இஸ்ரேலிய விமானங்களின் கருவிகள் எச்சரிக்கவில்லை. கண்ணால் புகையைப் பார்த்துத்தான் தப்ப வேண்டியிருந்தது. எந்த வருடத்துக் கருவி எந்த அலையைக் கேட்கும் என்ற பட்டியலைத் தயார்செய்வது அலுப்பான வேலைதான், ஆனாலும் செய்யுங்கள்.

ஏவுகணையின் பறப்பு பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், இப்போதைய சிமுலேட்டர்கள் அதில் நன்றாகவே முன்னேறியிருக்கின்றன. எரிபொருள் தீர்ந்தபின் வேகம் குறைவதும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் வேகத்தை இழப்பதும் சரியாக இருந்தால், உங்கள் சிவப்பு வட்டம் தானாகவே உடைந்துவிடும். நேரே எதிர்வரும் விமானத்துக்கு ஒரு தூரம், விலகிப் போகிறவருக்கு அதில் சிறு பங்கு.

ஆடுவதற்குச் சுவையாக இருக்குமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, போன மாதச் சோதனையைச் சொல்கிறேன். ஒரு மலைமுகட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு குப் பேட்டரி: ஒரு ரேடார் வண்டி, நான்கு லாஞ்சர். நான்கு பேர் தாக்கப் போனார்கள். போகும் வழியில் எதுவும் நடக்கவில்லை. இலக்கின் மேல் குண்டு போட்டார்கள், எதுவும் நடக்கவில்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொருவரும் எச்சரிக்கைக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். திரும்பும் வழியில் எரிபொருளை மிச்சப்படுத்த நான்காமவர் உயரம் ஏறினார். முகட்டைத் தாண்டி அவர் தெரிந்ததும் ரேடார் விழித்தது, இரண்டு ஏவுகணை கிளம்பியது. முதலாவது தவறியது, இரண்டாவது தவறவில்லை. ரேடார் அணைந்து, வண்டி மரங்களுக்கு நடுவே நகர ஆரம்பித்தது. மற்ற மூவரும் அதைத் தேடி ஒன்றரை மணி நேரம் சுற்றினார்கள். மறுநாள் இரவும் அதே மிஷனைப் போடச் சொன்னார்கள்.