பத்து ஸ்விட்ச், ஆறு பில்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதும் சின்ன கம்பெனியில் டெஸ்டராக இருக்கிறேன். செட்டிங்ஸில் தமிழ் அச்சு, தள்ளுபடி, பைசா ரவுண்டிங், டெலிவரி என்று 10 ஆன்-ஆஃப் ஸ்விட்ச். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு மாதிரி. முதலாளி தருவது இரண்டே நாள். எதைச் சோதிப்பது?
- வாசகி, திருமங்கலம்

பதில்: 10 ஸ்விட்சுக்கு 1,024 சேர்க்கை. ஒன்றுக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் நாளைக்கு எட்டு மணி நேரமாக 21 நாள் உட்கார வேண்டும். ஸ்விட்ச் 33 ஆகிவிட்டால் சேர்க்கைகள் உலக ஜனத்தொகையைத் தாண்டிவிடும். ஆகவே பொறுக்கித்தான் ஆக வேண்டும்.

2004-ல் கூன், வாலஸ், கல்லோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் மருத்துவக் கருவி, பிரவுசர், வெப் சர்வர் முதலியவற்றின் பிழைப் பதிவுகளை அலசினார்கள். பெரும்பாலான பிழைகளுக்கு ஒரு நிபந்தனையோ, இரண்டு சேர்வதோதான் காரணம். ஆறுக்கு மேல் சேர்ந்தால்தான் வரும் என்ற பிழை ஒன்றுகூட அவர்களுக்கு அகப்படவில்லை.

அதனால் எந்த இரண்டு ஸ்விட்சை எடுத்தாலும் ஆன்-ஆன், ஆன்-ஆஃப், ஆஃப்-ஆன், ஆஃப்-ஆஃப் நான்கும் ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டும். ஒரு சேர்க்கைக்கு ஒரு சோதனை பில் போடுவோம். மூன்று ஸ்விட்ச் என்றால் நான்கு பில்: எல்லாம் ஆஃபில் ஒன்று, இரண்டிரண்டாக ஆன் செய்து மூன்று. பத்துக்கு எத்தனை தெரியுமா? ஆறு பில் போதும்! முதலில் நானும் நம்பவில்லை. ஒரு பில்லுக்குள்ளேயே 45 ஜோடிகள் ஒரே நேரத்தில் சோதனைக்கு வந்துவிடுகின்றன, அதுதான் சூட்சுமம். கையால் எக்செல்லில் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பட்டியலைப் போட்டுத் தரும் கருவி மைக்ரோசாஃப்டின் ‘பிக்ட்’, இலவசம்தான். ஒன்றிரண்டு பில் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.

அதற்கு முன்னால், நடக்கவே முடியாத சேர்க்கைகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறையில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை) இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. இதைச் சொல்லாவிட்டால் கருவி காம்போசிஷன், வரி இரண்டையும் சேர்த்து ஆன் செய்து ஒரு பில் கொடுக்கும். அது செல்லாது, அதிலிருந்த மற்ற ஜோடிகளும் வீண்.

எல்லாவற்றையும் ஆன் செய்து ஒரே ஒரு பில் போட்டுவிட்டு ‘முடிந்தது’ என்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு ஸ்விட்ச் ஆஃபாக இருந்தால்தான் வரும் பிழை அதில் தலையே காட்டாது.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டு ஏதோ இருபது சேர்க்கையை எடுத்தால் ஆகாதா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 10,000-க்கு மேல் ஆப்ஷன். அங்கே ‘ராண்ட்கான்ஃபிக்’ என்ற கட்டளை குருட்டாம்போக்கில் ஒரு சேர்க்கையை எடுத்துக் கொடுக்கும். இயந்திரங்கள் ராப்பகலாக அதைக் கம்பைல் செய்து, அதாவது ஓடும் மென்பொருளாக மாற்றிப் பார்க்கும். நம்மிடம் இருப்பது இரண்டு கை, ஒரு பிரிண்டர்.

கேள்வி: ஜோடி ஜோடியாகப் பார்த்தும் தப்பிப் போனது உண்டா?
- வாசகர், மேலூர்

பதில்: உண்டு, என் கையிலேயே. கீழமாசி வீதி மளிகைக் கடை ஒன்றிலிருந்து போன்: “தம்பி, தள்ளுபடி போட்டா சீட்டுல மொத்தத்தையே காணோம்!” நேரில் போனேன். கடைக்காரர் ஒவ்வொரு சீட்டின் அடியிலும் பேனாவால் தொகை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாதப் பிறப்பு வேறு, வரிசை வாசல் வரைக்கும்.

அந்த பிரிண்டரில் தமிழ் எழுத்து கிடையாது. அதனால் தமிழ் பில்லை நாங்கள் படமாக்கி அனுப்பினோம். படத்தின் உயரத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருந்தோம். இரண்டு இஞ்ச் பேப்பரில் ‘துவரம்பருப்பு உடைத்தது’ இரண்டு வரியாக மடங்கும். அதோடு தள்ளுபடி வரியும் சேர்ந்ததும் உயரம் மீறி, கடைசி வரி அறுந்துபோனது. கடைசி வரிதான் மொத்தம். தமிழ், இரண்டு இஞ்ச், தள்ளுபடி: மூன்றில் எது இல்லாவிட்டாலும் பில் சுத்தமாக வரும். மேலே சொன்ன நான்கு பில்லைப் பாருங்கள், மூன்றும் ஆனில் இருப்பது அதில் இல்லவே இல்லை. என் பட்டியலும் அப்படித்தான் அமைந்திருந்தது.

அன்றிலிருந்து பணம் கணக்கிடும் இடத்துக்கும் அச்சுக்கும் மட்டும் மும்மூன்றாகப் பார்க்கிறேன். 10 ஸ்விட்சுக்கு ஆறு பில் 12 ஆகிறது. அதோடு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் அந்தக் கடையின் செட்டிங்ஸை அப்படியே வைத்து, துவரம்பருப்பில் ஆரம்பித்து ஒரு பில் போட்டுவிடுவேன்.