வேலிக் கொப்பு கூரைக்கு வந்தால் யார் வெட்டுவது?

கேள்வி: அம்மம்மா தன் வளவை இரண்டாக்கி, பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் சீதனமாகக் கொடுத்தார். இப்போது ஒன்றில் பெரியம்மாவின் மகள், மற்றதில் நான். இடையில் இருப்பது சீமைக்கிளுவையும் பூவரசும் நட்ட பழைய உயிர்வேலி. மழை தொடங்கினால் கொப்பெல்லாம் எங்கள் கூரைக்கு மேல் வந்துவிடும். போன மாரியில் ஒரு கொப்பு முறிந்து ஓடுகள் உடைந்தன. பீலி அடைக்கிறது, கிணற்றுக்குள் இலை அழுகுகிறது. அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். "அது எங்கட வேலி, கை வைக்க வேண்டாம்" என்கிறார். வேலியே இரண்டடி எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டது என்கிறான் தம்பி. அவர்கள் இல்லாத நேரம் அடியோடு வெட்டி, வேருக்கு அசிட் ஊற்றப் போவதாகச் சொல்கிறார் கணவர். சட்டம் என்ன சொல்கிறது?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணவரின் கையில் இருக்கும் கத்தியை வாங்கி வையுங்கள். இப்போது நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. அசிட் ஊற்றிய அடுத்த நாள் அது அக்காவின் பக்கம் போய்விடும். பிறர் உடைமையை வேண்டுமென்றே அழிப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அவர்கள் வளவுக்குள் இறங்கி அதைச் செய்தால் அத்துமீறலும் சேரும். உடைந்த ஓட்டுக்கு நியாயம் கேட்கவேண்டிய நீங்கள் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி, கொப்பு விஷயத்துக்கு வருவோம். அயலவர்களுக்கு இடையிலான இப்படிப்பட்ட பிணக்குகளுக்கு எங்கள் இலங்கையில், ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோம-டச்சுச் சட்டமே அடிப்படை. உங்கள் நிலத்துக்கு மேலே உள்ள வெளியும் உங்களுடையதுதான். அடுத்த வளவு மரத்தின் கொப்பு அதற்குள் வந்தால், வெட்டும்படி உரிமையாளரிடம் முதலில் கேட்கவேண்டும். நியாயமான அவகாசம் கொடுத்தும் அவர் வெட்டாவிட்டால், எல்லைக்கோடு வரை நீங்கள் வெட்டலாம். எல்லைக்கு அப்பால் ஒரு சாணும் போகக்கூடாது, அவர்கள் வளவுக்குள் கால் வைக்கவும் கூடாது. வெட்டிய குழை வேண்டுமா என்று அக்காவிடமே முதலில் கேளுங்கள். சீமைக்கிளுவைக் குழை ஆட்டுக்கும் பசளைக்கும் உதவும், அதை எடுத்து வைத்துக்கொண்டதால் வந்த சண்டைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

இலை விழுவதை மட்டும் வைத்து நீதிமன்றம் போனால் அதிகம் எடுபடாது. மரம் இருந்தால் இலை விழும், அயலவர் ஓரளவு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சட்டம் பார்க்கும். ஓடு உடைந்தது வேறு கதை. உங்கள் கடிதத்தில் நான் பெரிதாக எடுப்பது அதைத்தான்.

அக்காவிடம் வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ஆகவே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தக் கொப்பு எங்கே சாய்ந்திருக்கிறது, போன மாரியில் என்ன நடந்தது, எத்தனை நாளுக்குள் வெட்டவேண்டும் என்று தெளிவாக, மரியாதையாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதியையும் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், படங்களும் எடுங்கள். கொப்பு ஆபத்தானது என்று எழுத்தில் அறிவித்த பிறகும் அவர் பேசாமல் இருந்து, அது விழுந்து கூரை உடைந்தால், "எனக்குத் தெரியாது, காற்றடித்து விழுந்தது" என்று தப்புவது கடினம். கவனக்குறைவுக்கான நட்டஈட்டு வழக்கில் அந்த ஒற்றைக் கடிதம்தான் உங்கள் பலம். 1978 நவம்பர் சூறாவளி போல ஊரையே புரட்டிப்போடும் காற்றுக்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது. ஆனால் வருடா வருடம் வரும் வடகீழ்ப் பருவக்காற்றை எதிர்பார்க்காத மட்டக்களப்பார் யார் இருக்கிறார்?

அடுத்து, தம்பி சொன்ன இரண்டடி. இதை அறியாமல் "எல்லை வரை வெட்டலாம்" என்ற என் பேச்சுக்கே அர்த்தமில்லை, எல்லை எது என்று தெரியாதே. உயிர்வேலி நகரும். உக்கிய கதியாலை, அதாவது வேலிக்கு நட்ட தடியை, எடுத்துவிட்டுப் புதியதை ஒரு சாண் தள்ளி நடுவார்கள், சில மாரி போனால் அதுவே எல்லை என்று ஆகிவிடும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்து வருடம் தடையில்லாமல், உங்கள் உரிமைக்கு எதிராக அந்தத் துண்டை அவர்கள் ஆண்டிருந்தால் அதைக் கோரமுடியும். அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். வரைபடத்தோடு தனித்தனித் துண்டாக எழுதப்பட்டிருந்தால், அனுமதிபெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு எல்லையை மறுபடி குறிக்கலாம். அக்காவையும் அந்த நேரம் கூப்பிடுங்கள். உறுதியில் "பிரிக்கப்படாத பங்கு" என்று இருந்தால் நீங்கள் இருவரும் இன்னும் கூட்டு உரிமையாளர்கள். அப்போது பத்து வருடக் கதை அவ்வளவு இலகுவாக நிற்காது, ஒருவரின் ஆட்சி எல்லோருக்குமானது என்றே சட்டம் தொடங்கும். தீர்வு 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வரும். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு அருகருகே வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கத்தில் வாய்ப்பேச்சோடு பிரித்த வளவுகள் பல உண்டு. ஆகவே முதலில் உறுதி, அப்புறம்தான் கத்தி. எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும் பூவரசு இருவருக்கும் பொது, ஒருவர் தனியாக அடியோடு தறிக்க முடியாது. வேலியோரம் பெண் பனையோ பலாவோ நின்றால், தறிப்பதற்கு முன் பிரதேச செயலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள், அவற்றுக்கு 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது.

கடிதத்துக்கும் அசையவில்லை என்றால் பிணக்கைப் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது அது. உங்களுக்காக என்னைப் போன்ற சட்டத்தரணி அங்கே பேசமுடியாது, உங்கள் விஷயத்தில் அது நல்லதும்கூட. அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் இருந்து பேசினால் ஒரு பின்னேரத்தில் முடியக்கூடியது, மாவட்ட நீதிமன்றத்தில் பல வருடம் இழுக்கும். இணக்கம் வராவிட்டால் அங்கே தரும் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், வழக்குப் போட அது தேவைப்படலாம்.

மரம் எந்த நேரமும் விழும் நிலையில் இருந்தால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிடுங்கள். ஒழுங்கைப் பக்கம் சாய்ந்திருந்தால் பிரதேச சபைக்கும் எழுதுங்கள். ஆட்களுக்கு ஆபத்தான மரத்தை அகற்ற உத்தரவிடும் அதிகாரம், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவில் நீதவானுக்கு இருக்கிறது. கொப்பு மின்கம்பியைத் தொட்டால் நீங்களும் வெட்டவேண்டாம், கூலிக்கு ஆள் பிடிக்கவும் வேண்டாம். மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

கடைசியாக, அக்காவுக்குக் கொடுக்கும் கெடு ஒக்டோபருக்கு முன் முடியட்டும். காற்று தொடங்குமுன் கொப்பைக் குறைத்தால் பாரம் குறையும், வெட்டிய கதியாலையும் முதல் மழையோடு நடலாம், இலகுவாக வேர்பிடிக்கும். அளந்து குறித்த எல்லையில், இருவரும் நிற்கும்போது நடுங்கள். கூலியைப் பாதிப் பாதியாகப் போட்டு, மாரிக்கு முன் ஒருமுறை, மாரி முடிந்ததும் ஒருமுறை வேலியை வெட்டுவது என்று மத்தியஸ்த சபை இணக்கத்திலேயே எழுதிக் கையொப்பம் வைக்கலாம்.