பன்னிரண்டு பெட்டிகள்

கேள்வி: எங்கள் இரண்டு படுக்கையறை வீட்டில் கால் வைக்க இடமில்லை. குறைந்த சாமானோடு வாழச் சொல்லும் மினிமலிச வீடியோக்களைப் பார்த்து, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் 12 வாங்கி, எல்லாவற்றையும் அடுக்கினேன். மூன்றே மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி! கணவரின் பழைய பத்திரிகைக் கட்டுகள், மாமியாரின் பித்தளைப் பாத்திரங்கள் எதையும் கழிக்க விடமாட்டேன் என்கிறார்கள். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று முன்னோர் சொன்னதை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்த மேற்கோளை விட்டுவிடுங்கள். அது நன்னூல் சூத்திரம். காலப்போக்கில் பழைய சொற்கள் வழக்கொழிவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமல்ல என்கிற இலக்கண விதி. உங்கள் மாமியாரின் பித்தளை அண்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சாமான் அதிகம் என்று பெட்டி வாங்கினீர்கள். சாமான் பன்னிரண்டு கூடியது. பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால், வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வேலை தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். கடிதத்தில் கணவருடையது இருக்கிறது, மாமியாருடையது இருக்கிறது. உங்களுடையது ஒன்றுகூட இல்லையே? உங்கள் பீரோவிலிருந்து ஆரம்பியுங்கள்.

கழிக்கும் வேலை பெரும்பாலும் கெடுவது பிரிப்பதில் அல்ல, வெளியேற்றுவதில். பிரித்துக் கட்டிய பைகள் கூடத்து மூலையில் ஒரு வாரம் நிற்கும். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் பரண் ஏறும். அதனால் ஆளை முதலில் வரச் சொல்லுங்கள். பழைய பேப்பர்காரரை ஞாயிறு மாலை 4 மணிக்கு வரச் சொல்லிவிட்டு 2 மணிக்கு உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஒரே இடம்: ஒரு தட்டு, அல்லது பரணில் ஒரு பக்கம். வீடு முழுவதையும் இறக்கிப் போட்டால் ராத்திரிச் சமையல் நேரம் வந்ததும் எல்லாம் அப்படியே மேலே ஏறிவிடும். டிவி, மிக்ஸி வந்த அட்டைப் பெட்டிகள் முதலில் போகட்டும். நெளி அட்டையின் இடுக்குகள் கரப்பானுக்குக் கட்டிக்கொடுத்த வீடு.

எடைக்குப் போடும்போது பித்தளை, செம்பு, எவர்சில்வர், அலுமினியம், இரும்பு எல்லாம் தனித்தனியாகத் தராசு ஏற வேண்டும். கலந்து போட்டால் மலிவான உலோகத்தின் விலையைத்தான் மொத்தத்துக்கும் சொல்வார்கள். பழைய குக்கரின் கைப்பிடியையும் ரப்பர் கேஸ்கட்டையும் முன்பே கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ‘கழிவு’ என்று எடையில் பிடிப்பார்கள். பிரிக்காத 1 கிலோ உப்புப் பாக்கெட்டை அந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பேச்சு சுருக்கமாக முடியும்.

இனி புடவை. ஒரு வருடம் கட்டாத பருத்திப் புடவை, பிளவுஸ் அளவு மாறிப்போனது, ஃபால்ஸ் தைக்காமலே கிடப்பது இவற்றை யோசிக்காமல் கொடுத்துவிடலாம். பட்டுப் புடவையை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய, தங்க முலாம் பூசிய வெள்ளி இழை. புடவை நைந்தாலும் வெள்ளிக்கு விலை உண்டு. வாசலில் வந்து குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்கிறவரிடம் கொடுக்காமல், பழைய சரிகை வாங்கும் கடையில் காட்டி விலை கேளுங்கள். செம்பு இழை, பிளாஸ்டிக் இழை சரிகை என்றால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். வைத்துக்கொள்கிற பட்டுப் புடவையை பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். ஈரம் தங்கிச் சரிகை கறுக்கும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். அந்துருண்டை சரிகையில் படக் கூடாது. இத்தனை பராமரிப்பை எத்தனை புடவைக்குச் செய்ய முடியுமோ, அத்தனைதான் உங்களுக்குத் தேவை.

காகிதம். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது இவற்றைத் தொடாதீர்கள். வருமான வரிக் காகிதங்களை எட்டு வருடம் வைத்திருப்பது பாதுகாப்பு. கடை பில்லின் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும். வாரன்டி உள்ளவற்றை இன்றே நகலெடுத்துவிட்டு மற்றதைக் கழியுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு நகல்களைக் கிழிக்காமல் பேப்பர்காரரிடம் போட்டால், யாரோ பஜ்ஜி மடித்து வாங்கும் தாளில் உங்கள் முகவரி இருக்கும்.

பழைய செல்போனைக் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுங்கள். கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் ரீசெட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் கையில் அது திறக்காது. பேட்டரி உப்பிய போனை அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் நேரில் கொடுங்கள். போகிக்கு எரித்துக்கொள்ளலாம் என்று எதையும் சேர்க்காதீர்கள். 2018 போகிப் புகையில் சென்னையில் விமானங்களே தடுமாறின.

மாமியாரின் பித்தளையை விற்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அன்றாடம் எதில் சமைக்கலாம் என்று அவரையே கேளுங்கள். இரண்டை எடுத்துக் கொடுத்தால் ஈயம் பூசி அடுப்பில் ஏற்றுங்கள். பூசாத பித்தளையில் புளிக்குழம்பு ஆகாது. மற்றதைப் பற்றி அவரே பேச்சை எடுக்கும்வரை பொறுங்கள்.

கணவரின் பத்திரிகைகளா? இந்த விஷயத்தில் என்னிடம் நியாயத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு அலமாரி ஒதுக்குங்கள், அதற்குள் அடங்குவதை அவரே பொறுக்கட்டும். மிச்சத்தில் நின்றுபோன பழைய இதழ்கள் இருந்தால், எடைக்குப் போடும் முன் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் வேண்டுமா என்று கேளுங்கள். கட்டைப் பிரித்து, இதழின் பெயர், மாதம், வருடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும். அந்த வேலையைக் கணவரிடமே கொடுங்கள். எழுதி முடிக்க எப்படியும் ஒரு மாதம் ஆகும், அதற்குள் உங்கள் பீரோவை முடித்துவிடலாம்.