சளியோடு வரும் காதுவலி: எண்ணெய் விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது, எடை 14 கிலோ. மூணு நாளாகச் சளி. நேற்று ராத்திரி காதுவலி என்று தூங்காமல் அழுதான். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி காதில் விடலாம் என்கிறார் மாமியார். விடலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம். வலி இருப்பது செவிப்பறைக்கு உள்பக்கம். விடுகிற எண்ணெய் வெளியிலேயே நின்றுவிடும். பறையில் ஓட்டை விழுந்திருந்தால்தான் உள்ளே இறங்கும், அப்போது இறங்கவே கூடாது. மாமியாரிடம் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள், அது நல்லது.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சிறு குழாய் போகிறது. சளியில் அது வீங்கி அடைத்தால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து செவிப்பறை உள்வாங்கும், நீரும் கோக்கும். பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் குட்டை, படுக்கைவாட்டிலும் இருக்கும். படுத்ததும் அடைப்பு கூடுவதால்தான் ராத்திரி அழுகை.

ஆகவே கவனிக்க வேண்டியது மூக்கை. மெடிக்கலில் கிடைக்கும் சலைன் (உப்புநீர்) மூக்குச் சொட்டு மருந்தை ஒவ்வொரு துவாரத்திலும் 2 சொட்டு விட்டு, சில நிமிடம் கழித்து ஒரு பக்கம் மூடி மறுபக்கம் மெதுவாகச் சிந்தச் சொல்லுங்கள். இரண்டையும் பொத்தி வேகமாகச் சிந்தினால் சளி காதுப்பக்கம் ஏறும். கொசுவத்தி, சிகரெட் புகை அந்த அறையில் வேண்டாம்.

வலிக்கு பாராசிட்டமால் சிரப். கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் அவனுக்கு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிகிராம். தப்பு நடப்பது பாட்டிலில்தான்: 5 மில்லியில் 250 என்று போட்டிருந்தால் 4 மில்லி, 120 என்றால் 8 மில்லி. சமையல் ஸ்பூனில் ஊற்றாதீர்கள். 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. சில சளி சிரப்பிலும் பாராசிட்டமால் இருக்கும், இரண்டையும் சேர்த்தால் அளவு மீறும். காய்ச்சலும் இருந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரூஃபென் என்ற வலி மருந்தைத் தர வேண்டாம்.

பெரும்பாலும் 2, 3 நாளில் அடங்கும். எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. வலி 2 நாளுக்கு மேல் நீடித்தாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் 102 டிகிரியைத் தாண்டினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளினால், கழுத்து விறைத்தால், வாய் கோணினால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வலி போனபின் சில வாரம் காது மந்தமாகக் கேட்கலாம். டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வது 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் செவித்திறன் சோதனை செய்யுங்கள்.