பிளாக்செயின் பிரேக் பிடிக்குமா?

கேள்வி: வாளையாறு வழியாகக் கோவைக்கு லாரி ஓட்டுகிறேன். வருங்காலத்தில் வண்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் என்றும், அதில் பொய்ச் செய்தி புகாமல் பிளாக்செயின் காக்கும் என்றும் சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பாதி உண்மை. பிளாக்செயின் என்பது பல கணினிகள் ஒப்புக்கொண்ட பின்னரே புதிய பதிவுகளைத் தொகுதி தொகுதியாகச் சங்கிலிபோல் சேர்த்துக்கொள்ளும் பொதுப் பதிவேடு. தமக்குள் பேசும் வண்டி தன் இடம், வேகம், திசை ஆகியவற்றை நொடிக்குச் சுமார் 10 முறை, செய்தி போலியன்று எனக் காட்டும் டிஜிட்டல் கையொப்பமிட்டு அறிவிக்கும். அருகிலுள்ள வண்டி அக்கையொப்பத்தை உடனே சரிபார்க்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் லாரி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஆனால் பிட்காயின் என்னும் மின்பணத்தின் பிளாக்செயின் சங்கிலியில் ஒரு தொகுதி சேரவே சராசரியாக 10 நிமிடம் ஆகிறது. வேகமான சங்கிலிகளும் உண்டு என்றாலும், பிரேக் எச்சரிக்கையைப் பல கணினிகளின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வைப்பது அறிவுடைமையன்று.

வண்டிகளின் கையொப்பத்துக்கு உறுதியளிக்கும் சான்றிதழ்களில் எது ரத்தானது, எந்த மென்பொருள் புதுப்பிப்பை யார் வெளியிட்டார் என்னும் பதிவேட்டுக்கே பிளாக்செயின் பொருந்தும். தமிழகம், கேரளம் என இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் வாகன நிறுவனங்களும் ஒருவர் கணக்கை மற்றவரிடம் ஒப்படைக்கத் தயங்கும்போது, எவரும் கமுக்கமாகத் திருத்த முடியாத பொதுப் பதிவேடு உதவும்.

ஆனால் பழுதான சென்சார் சொல்லும் பொய்யையும் சங்கிலி அப்படியே பத்திரப்படுத்தும். 2015இல் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி காரை ஆய்வாளர்கள் இருவர் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினர். வண்டிக்குள்ளிருந்த அவ்வகை ஓட்டையைப் பதிவேடு அடைக்காது. மேலும், அழிக்கவே முடியாத ஏட்டில் உங்கள் பயணத் தடங்களை எழுதலாகாது.