முன்பின் தெரியாதவர் தேடிவர: லிங்க்ட்இன் கேள்வி - பதில்

போன மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பின்னேரம் இருபது பேர் வரை கூடியிருந்து தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தைப் பற்றிக் கதைத்தோம். இரண்டு மணித்தியாலம் போதவில்லை. கடதாசியில் எழுதித் தந்துவிட்டுப் போன கேள்விகளுக்கும் பிறகு வட்ஸ்அப்பில் வந்தவற்றுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் வேலை ஆள் சொல்லித்தான் வரும். மேசனோ கணக்காளரோ, "அவரிட்டைக் குடுங்கோ, வடிவாச் செய்வார்" என்று ஒருவர் சொன்னால் போதும். கடல் கடந்து இருப்பவருக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடைக்காது. அவருக்கு உங்கள் புரொபைல்தான் அதைச் சொல்ல வேண்டும்.

கொக்குவிலிலிருந்து ஒரு கணக்காளர்: ஏ.ஏ.ரி (கணக்கியல் தொழினுட்பவியலாளர் தகைமை) முடித்து ஆறு வருடம். லண்டனில் இரண்டு கடைகளுக்கு இங்கிருந்தே கணக்கு எழுதுகிறேன். புரொபைல் போட்டு இரண்டு வருடமாகியும் புதிதாக ஒருவர்கூட வரவில்லை. என்ன பிழை?

தம்பி, உங்கள் புரொபைலைப் பார்த்தேன். பெயருக்குக் கீழே பதவியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் மட்டும் இருக்கின்றன. அது நீங்கள் எழுதிய வரி இல்லை. இப்போதைய வேலையைப் பதிந்தபோது லிங்க்ட்இன் தானாகப் போட்டது. அந்த ஹெட்லைனில் 220 எழுத்து வரை எழுத இடம் இருக்கிறது.

அன்று வகுப்பில் நடந்தது நினைவிருக்கும். முன்வரிசையில் இருந்த தங்கச்சியிடம் என் போனைக் கொடுத்து, "நீங்கள் லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு கடை வைத்திருக்கிறீர்கள். கணக்குப் பார்த்தவர் திடீரென்று நின்றுவிட்டார். ஆள் தேடுங்கள்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு 'புக்கீப்பர்' (கணக்கு எழுதுபவர்) என்று அடித்தார். பிறகு அதை அழித்துவிட்டு 'வற் ரிட்டர்ன் புக்கீப்பர்' என்று அடித்தார். வற் ரிட்டர்ன் என்றால் பெறுமதிசேர் வரிக் கணக்கை அரசுக்குக் கொடுக்கும் படிவம். 'அக்கவுண்டன்ட்' என்ற சொல் அவர் விரலுக்கு வரவே இல்லை. கடைக்காரருக்கு அந்த நேரத்தில் தலையிடி கொடுப்பது வற் கணக்கு. அதைத்தான் அவர் தேடுவார். அறையில் இருந்த கணக்காளர்கள் எல்லோரும் தங்கள் ஹெட்லைனை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவரிடமும் அந்தச் சொற்கள் இல்லை. வேலை தெரிந்தவர்கள் அத்தனை பேர் அங்கே இருந்தும் தேடுபவரின் கண்ணில் ஒருவரும் படமாட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை மனவருத்தம்.

அதனால் ஹெட்லைனை இப்படி மாற்றுங்கள்: 'யூகே சிறு கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் புக்கீப்பிங், வற் ரிட்டர்ன், பேரோல். சீரோ, குவிக்புக்ஸ். ஏ.ஏ.ரி.' (பேரோல் என்பது சம்பளக் கணக்கு; சீரோவும் குவிக்புக்ஸும் கணக்கு மென்பொருள்கள்.) ஆங்கிலத்தில் எழுதுங்கள். முக்கியமான சொற்களை முன்னுக்கு வையுங்கள். போனில் தேடும்போது வரியின் பின்பகுதி வெட்டுப்பட்டுவிடும். அதே சொற்கள் உங்களைப் பற்றி எழுதும் அபவுட் பகுதியிலும், செய்த வேலை விபரத்திலும், திறன்கள் பட்டியலிலும் இயல்பாக வரவேண்டும்.

அபவுட் பகுதியில் 2,600 எழுத்து எழுதலாம். ஆனால் 'மேலும் பார்க்க' என்று தட்டும் வரைக்கும் முதல் சில வரிகள்தான் தெரியும். 'நான் கடின உழைப்பும் நேர்மையும் உள்ளவன்' என்று தொடங்கினால் அந்த வரிகள் வீண். இங்கிலாந்தில் வற் ரிட்டர்ன் பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை. காலாண்டு முடிந்து ஒரு மாதமும் 7 நாளும் அவகாசம். 'காலாண்டு முடிந்து மூன்றாவது வாரத்துக்குள் வற் கணக்கை உங்கள் பார்வைக்கு அனுப்புவேன்' என்று தொடங்கிப் பாருங்கள். உண்மையிலேயே அப்படிச் செய்பவராக இருந்தால் மட்டும். அதோடு, ஏ.ஏ.ரி முடித்தவர் பட்டயக் கணக்காளர் என்று தோன்றும்படி ஒரு சொல்லும் எழுதவேண்டாம். அங்கே அது ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

படத்தைச் சுற்றி நீங்கள் போட்டிருக்கும் பச்சை வளையத்தையும் எடுத்துவிடுங்கள். அது உத்தியோகம் தேடுகிறவர்களுக்கு. வாடிக்கையாளர் தேடுபவருக்கு 'சேர்விசஸ்' என்று தனிப்பகுதி இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. என்னென்ன வேலை செய்வீர்கள் என்று அதில் தெரிவு செய்தால், அந்த வேலைக்கு ஆள் தேடுபவர் அங்கிருந்தே உங்களுக்கு எழுதலாம். வேலை முடிந்தவர்கள் மதிப்பீடும் இடலாம்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு குவான்டிற்றி சேர்வேயர் (கட்டட வேலையின் அளவும் செலவும் கணிப்பவர்): என் பெயர் அடையாள அட்டையில் ஒருமாதிரி, பாஸ்போர்ட்டில் ஒருமாதிரி, பேஸ்புக்கில் இன்னொருமாதிரி. லிங்க்ட்இன்னில் இனிஷியலோடு போட்டிருக்கிறேன். வெளிநாட்டுக்காரர் அப்பாவின் பெயரைச் சொல்லி எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். எப்படிப் போடுவது?

நல்ல கேள்வி. இது எங்கள் எல்லோருக்கும் உள்ள சிக்கல், ஆனால் இதைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. 'தர்சன்' என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் 'ரி-எச்' போட்டும் எழுதுவார்கள், 'டி-எச்' போட்டும் எழுதுவார்கள், வெறும் 'டி' போட்டும் எழுதுவார்கள். நடுவில் 'எஸ்' மட்டுமா 'எஸ்-எச்' ஆ என்பது அடுத்த பிரச்சினை. உங்களைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவர் தான் காதால் கேட்டபடி அடித்துத் தேடுவார். கிடைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு எழுத்துக்கூட்டலைத் தெரிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளதே நல்லது. ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் பிறகு அதோடுதான் ஒத்துப்போக வேண்டும். மின்னஞ்சல், விலைப்பட்டியல், லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் அதையே பாவியுங்கள். மற்ற எழுத்துக்கூட்டலை அபவுட் பகுதியின் கடைசி வரியில் 'இப்படியும் எழுதுவதுண்டு' என்று சேர்த்துவிடுங்கள்.

இனிஷியலை முன்னால் வைக்கவேண்டாம். முதற்பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர், கடைசிப்பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் முழுதாக. அப்போது உங்களுக்கு எழுதுகிறவர் உங்கள் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார். பெயரை எப்படி உச்சரிப்பது என்று 10 விநாடிக்கு உங்கள் குரலில் பதிந்து வைக்கவும் போன் செயலியில் வசதி இருக்கிறது. அதைக் கட்டாயம் செய்யுங்கள். எங்கள் நீளமான பெயரைப் பார்த்து அழைப்பு எடுக்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை காதால் கேட்டால் அந்தத் தயக்கம் போய்விடும்.

திருமணத்துக்குப் பிறகு கணவரின் பெயருக்கு மாறிய அக்காமாருக்கும் ஒரு சொல்: பழைய வாடிக்கையாளர்கள் பழைய பெயரில்தான் தேடுவார்கள். அதையும் எங்காவது விட்டு வையுங்கள்.

இணுவிலிலிருந்து: யாழ்ப்பாணம் என்று போட்டால் ஆட்கள் நம்பமாட்டார்கள், கொழும்பு என்று போடு என்கிறார்கள். உண்மையா?

இல்லை. யாழ்ப்பாணம் என்றே போடுங்கள். முதல் வீடியோ அழைப்பிலேயே எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அங்கே ஒரு பொய் வெளிப்பட்டால் பிறகு நீங்கள் சொல்கிற விலையையும் நாளையும் யார் நம்புவது? அவர்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது, எந்த நேரத்தில் உங்களைப் பிடிக்கலாம் என்பதுதான். லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அவர்களுடைய காலைப்பொழுது முழுக்க உங்கள் பின்னேரத்துக்குள் அடங்கிவிடும். ரொறன்ரோ என்றால் அவர்கள் காலை 9 மணிக்கு இங்கே மாலை 6.30 அல்லது 7.30. 'லண்டன் நேரம் காலை 8 முதல் 1 வரை அழைக்கலாம்' என்று அபவுட் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள்.

நல்லூரிலிருந்து ஒரு தங்கச்சி: இணையத்தில் படம் போட வீட்டில் விருப்பமில்லை. எனக்கும் தயக்கம்தான். படம் இல்லாமல் வாடிக்கையாளர் வருவார்களா?

வருவார்கள், ஆனால் குறைவாக வருவார்கள். முகம் தெரியாத ஒருவரிடம் காசு கொடுத்து வேலை ஒப்படைக்க ஆட்கள் யோசிப்பார்கள். உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. படங்களை எடுத்துத் தவறாகப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நடுவழி ஒன்று உண்டு. லிங்க்ட்இன்னில் படத்தை யார் பார்க்கலாம் என்று நீங்களே தீர்மானிக்கலாம்: உங்களோடு நேரடியாக இணைந்தவர்கள் மட்டும், உங்கள் வலையமைப்பில் உள்ளவர்கள், லிங்க்ட்இன் கணக்கு உள்ள எல்லோரும், இணையத்தில் யாரும். இரண்டாவதில் வைத்துத் தொடங்குங்கள். வீட்டு விறாந்தையில் காலை வெளிச்சத்தில், வெறும் சுவருக்கு முன்னால், தோளுக்கு மேலே தெரியும்படி யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். கலியாண வீட்டில் எடுத்த படத்தை வெட்டிப் போடவேண்டாம்.

அதுவும் இப்போது வேண்டாம் என்று தோன்றினால் விடுங்கள். செய்த வேலைகளை, புரொபைலில் மாதிரிகள் காட்டும் ஃபீச்சர்ட் பகுதியில் வடிவாக அடுக்கி வையுங்கள். உங்கள் நிம்மதியை விட்டுக்கொடுத்து வருகிற வாடிக்கையாளர் வேண்டாம்.

யாழ் நகரிலிருந்து ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்: என் வேலை முழுக்கப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், காணி உறுதி. எல்லாம் அடுத்தவரின் அந்தரங்கம். எதை மாதிரியாகக் காட்டுவது?

ஐயா, நீங்கள் இதை யோசித்ததே உங்கள் தொழிலுக்குப் பெருமை. சிலர் பெயரை மட்டும் கறுப்பாக மறைத்துவிட்டு உண்மையான சான்றிதழைப் போட்டுவிடுகிறார்கள். தகப்பன் பெயர், பிறந்த இடம், பதிவு இலக்கம் எல்லாம் கீழே அப்படியே இருக்கும். அப்படிச் செய்யவே கூடாது.

கற்பனைப் பெயர், கற்பனைத் திகதியோடு ஒரு பிறப்புச் சான்றிதழை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தமிழ் ஒரு பக்கம், உங்கள் ஆங்கில மொழிபெயர்ப்பு மறுபக்கம். 'மாதிரி' என்று பெரிதாகக் குறுக்கே எழுதி, உங்கள் முத்திரையும் கையொப்பமும் இல்லாமல் போடுங்கள். கனடாவிலிருந்து பார்க்கிறவருக்கு உங்கள் கை சுத்தம் அதிலேயே தெரியும்.

பிறகு பரிந்துரைகள். உங்களோடு லிங்க்ட்இன்னில் நேரடியாக இணைந்தவரிடம்தான் கேட்கலாம், எழுதி வந்ததும் நீங்கள் சம்மதித்த பிறகுதான் அது வெளியே தெரியும். எங்கள் ஆட்கள் 'மிகவும் நல்லவர், திறமையானவர்' என்று எழுதிவிடுவார்கள். அதனால் கேட்கும்போதே கொஞ்சம் வழிகாட்டுங்கள்: "தம்பி, விசாவுக்கு எத்தனை பத்திரம் தந்தீர்கள், எத்தனை நாளில் கிடைத்தது, திருத்தம் ஏதும் வந்ததா என்று நாலு வரி எழுதுங்கோ." அப்படி மூன்று இருந்தால் போதும். தனக்கு என்ன விசா என்று வெளியே சொல்ல அவருக்கு விருப்பமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கம்பஸ் முடித்து வந்த ஒரு பெடியன்: எனக்கு வெளிநாட்டில் ஒருவரையும் தெரியாது. முதல் ஆளை எங்கே பிடிப்பது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கியது. கம்பஸ் என்ற பெயர் இன்னும் எங்கள் வாயில் இருப்பது அதனால்தான். அன்றிலிருந்து படித்து வெளியேறியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். லிங்க்ட்இன்னில் பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போய்ப் பழைய மாணவர் பகுதியைத் திறந்தால், எந்த நாட்டில் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். நீங்களும் அங்கே தெரிய வேண்டும் என்றால், கல்விப் பகுதியில் பெயரை அடிக்கும்போது கீழே வரும் பட்டியலிலிருந்து அதைத் தெரிவு செய்யவேண்டும். வெறுமனே அடித்துவிட்டால் பக்கத்தோடு இணையாது. படித்த பாடசாலையையும் சேருங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கம் இல்லாத பாடசாலை எங்களிடம் குறைவு.

இணைப்புக் கேட்கும்போது சிறு குறிப்பு வையுங்கள். "அண்ணை, நானும் அதே பீடம். நீங்கள் செய்கிற வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள விருப்பம்" என்றால் போதும். வேலை தாங்கோ என்று முதல் வரியிலேயே கேட்கவேண்டாம். இப்படி இணைவதில் இன்னொரு பயனும் உண்டு. தேடுகிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் பொதுவான ஆள் இருந்தால் நீங்கள் அவர் கண்ணில் படுவது சுலபம், அந்த ஆளிடம் உங்களைப் பற்றி விசாரிக்கவும் முடியும். ஆள் சொல்லி வேலை வருகிற எங்கள் வழக்கமே இங்கேயும் நடக்கிறது.

சின்னக் கேள்விகள் சில. 500 இணைப்பு கட்டாயமா? இல்லை. அதற்கு மேல் எத்தனை இருந்தாலும் புரொபைலில் '500+' என்றுதான் காட்டும். உங்கள் தொழிலோடு தொடர்புள்ள நூறு பேர் மேல். தினமும் பதிவு போடவேண்டுமா? மாதம் இரண்டு போதும், செய்த வேலையைப் பற்றி எழுதினால். அபவுட் பகுதியைச் சட்ஜிபிடியிடம் எழுதுவிக்கலாமா? ஆங்கிலம் திருத்தக் கொடுங்கள். முழுதாக எழுதக் கொடுத்தால் பத்துப் பேருக்கும் ஒரே பந்திதான் வரும். வேலை தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று ஒருவர் கேட்கிறார்? கட்டவேண்டாம்.

பருத்தித்துறையிலிருந்து: கூகிளில் என் பெயரைத் தேடினால் லிங்க்ட்இன் பக்கம் வருவதே இல்லை.

அமைப்புகளில் 'பப்ளிக் புரொபைல்' பார்வை அணைந்திருக்கக்கூடும். அதை முதலில் திறந்துவிடுங்கள். பிறகு, பெயருக்குப் பின்னால் இலக்கங்களும் எழுத்துகளுமாக நீளும் முகவரியை உங்கள் பெயரும் தொழிலும் வரும்படி சுருக்குங்கள். இடைவெளி விட முடியாது. அந்த முகவரியை மின்னஞ்சலின் அடியிலும் விசிட்டிங் காட்டிலும் போடுங்கள். கூகிளில் தெரிவதற்குச் சில வாரம் எடுக்கலாம், பொறுத்திருங்கள்.

சுன்னாகத்திலிருந்து ஓர் ஆசிரியை: வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

ரீச்சர், தேடுவது யார் என்று பாருங்கள். ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் ஒரு தாய், வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து போனில் ஆங்கிலத்தில்தான் அடிப்பார். ஆகவே ஹெட்லைனும் அபவுட் பகுதியின் முதற்பாதியும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்: எந்த வயதுப் பிள்ளைகள், எந்த நாட்டு நேரம், ஒரு வகுப்பில் எத்தனை பேர். அதன் கீழே தமிழில் ஒரு பந்தி எழுதுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில், பிள்ளையோடு நீங்கள் கதைக்கிறமாதிரியே. பிள்ளை அம்மம்மாவோடு போனில் கதைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தாய் உங்களைத் தேடுகிறார். இந்த ரீச்சரின் தமிழ் தன் வீட்டுத் தமிழ் என்று அந்தப் பந்தியில் அவருக்குப் பிடிபட்டுவிடும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.